பிடிக்கவும் விடவும் தெரிந்த திரவம்

பெரும்போகம் தொடங்கிவிட்டால் களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குப் போகும் உழவு இயந்திரப் பெட்டிகளில் யூரியா மூட்டைகள் அடுக்கியிருப்பதைக் காணலாம். பயிருக்கு நைதரசன் வேண்டும். அதற்காகத்தான் அந்த வெள்ளை மணிகள். ஆனால் ஐம்பது கிலோ மூட்டை ஒன்றிலுள்ள யூரியாவைச் செய்ய ஏறத்தாழ 37 கிலோ காபனீரொட்சைட்டு செலவாகியிருக்கிறது. எங்கோ ஒரு நாட்டின் அமோனியாத் தொழிற்சாலையில், வேறு வாயுக்களோடு கலந்து வந்த அந்த வாயுவை, உயர்ந்த உருக்குக் கோபுரத்துக்குள் ஏதோ ஒரு கரைசல் தனியே பிடித்தெடுத்திருக்கிறது. இன்னொரு கோபுரத்தில் அதைத் தூய வாயுவாக விட்டுக்கொடுத்திருக்கிறது. பிறகுதான் அது அமோனியாவோடு சேர்ந்து பசளையானது.

காலநிலை மாநாடுகளில் இன்று காபன் பிடிப்பு என்று பேசப்படும் தொழில் இதுதான். பத்திரிகைகள் அதை நாளைய கண்டுபிடிப்புப் போல எழுதுகின்றன. உண்மையில் அதற்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. யூரியா செய்வதற்கு மட்டும் உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 13 கோடி தொன் காபனீரொட்சைட்டைப் பயன்படுத்துகிறது என்று சர்வதேச எரிசக்தி முகவரகம் 2019 இல் கணக்கிட்டது. அந்தத் தொழிலுக்குக் கணக்கும் அளவும் வந்து சேர்ந்த கதையில் பம்பாய் மாட்டுங்காவைச் சேர்ந்த ஓர் ஆசிரியருக்குப் பெரிய இடமுண்டு. அவர் பெயர் மன் மோகன் சர்மா. ஆனால் அவரிடம் போவதற்கு முன் சுண்ணாம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

சீமெந்து வருவதற்கு முன் கிழக்குக் கரையில் வீடு கட்டியவர்களுக்கும், இன்றும் வெற்றிலை போடுகிறவர்களுக்கும், சுண்ணாம்பு கடலும் வாவியும் கொடுத்த பொருள். சிப்பியையும் முருகைக்கல்லையும் விறகோடு அடுக்கிச் சூளையில் சுட்டார்கள். நூறு கிலோ சுண்ணக்கல் முழுதாக வெந்தால் 44 கிலோ காபனீரொட்சைட்டாக வெளியேறும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதைத் தண்ணீர் தெளித்து நீற்றி, மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், சூளையில் இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டையின் காலத்திலும் சாந்து இறுகியது இப்படித்தான். இந்தச் சூளைகளுக்காகக் கரையோரம் கொடுத்த விலையும் பெரிது. முருகைக்கல்லை உடைத்து எடுத்த இடங்களில் கடலரிப்பு கரைக்குள் ஏறியது. 1988 இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி அந்த அகழ்வைத் தடைசெய்தார்கள்.

சூளையில் கல் எதை இழக்கிறது என்பதை நிறுத்துக் காட்டியவர் ஸ்கொட்லாந்தின் ஜோசப் பிளாக். மருத்துவப் பட்டத்துக்காக 1754 இல் அவர் எழுதிய ஆய்வும் இரண்டு ஆண்டுகள் கழித்து வெளியிட்ட விரிவான கட்டுரையும், சுண்ணக்கல்லுக்குள் ஒரு வாயு கட்டுண்டு கிடக்கிறது என்பதைத் தராசின் சாட்சியோடு நிறுவின. நாம் வெளிவிடும் மூச்சிலும் அதே வாயுதான் என்பதைச் சுண்ணாம்பு நீர் காட்டிக்கொடுக்கும். களுவாஞ்சிக்குடிப் பாடசாலைகளின் ஆய்வுகூடங்களில் பிள்ளைகள் குழாயால் ஊதி, தெளிந்த நீர் பால்நிறமாவதைப் பார்க்கிறார்கள். அது காபன் பிடிப்பின் முதற் பாடம். அந்தப் பாடத்தை அப்படி அறிமுகப்படுத்தும் பாடநூல்தான் இன்னும் இல்லை.

சுண்ணாம்பு ஆசையோடு பிடிக்கிறது, பிடித்ததை விடுவதில்லை. அதை மீட்க ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். தொழிற்சாலைக்கு வேண்டியது அதற்கு நேர்மாறான ஒன்று: போதிய வேகத்தில் பிடிக்க வேண்டும், சிறிது சூடு காட்டினால் விட்டுவிட வேண்டும், திரும்பவும் பிடிக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது அரிது. காபன் பிடிப்பின் வரலாறு முழுவதும் இந்த மூன்றுக்கும் இடையே நடந்த பேரம் என்று சொல்லிவிடலாம்.

அந்தப் பேரத்தில் முதலில் வென்றவர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கேர்ட்லர் நிறுவனத்தில் வேலை செய்த ரொபேர்ட் பொட்டம்ஸ். 1930 இல் அவர் காப்புரிமை பெற்ற முறை அமைன் கரைசலைப் பயன்படுத்தியது. அமைன் என்பது அமோனியாவின் உறவினப் பொருள். காபனீரொட்சைட்டு ஓர் அமில வாயு. அமைன் ஒரு மென்காரம். இரண்டும் சேரும், ஆனால் அந்தப் பிணைப்பு சுண்ணாம்பினுடையதைப்போல இறுகியதல்ல. பொட்டம்ஸுக்குக் காலநிலையைப் பற்றிய கவலை எதுவும் இருக்கவில்லை. நிலத்தடியிலிருந்து வரும் இயற்கை வாயுவில் காபனீரொட்சைட்டும் ஐதரசன் சல்பைட்டும் கலந்திருந்தால் அது குழாயை அரிக்கும், சரியாக எரியாது, விலையும் போகாது. அதைச் சுத்தம் செய்வதே நோக்கம்.

முறை இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. ஒரு கோபுரத்தில் உச்சியிலிருந்து அமைன் கரைசல் சொட்டிச் சொட்டி இறங்கும். அடியிலிருந்து வாயு மேலேறும். கோபுரம் நிறைய வளையங்களும் மடிப்புத் தகடுகளும் அடைத்திருக்கும். திரவம் அவற்றின்மேல் மெல்லிய படலமாகப் பரவி வாயுவோடு உரசும். அங்கே வெப்பநிலை 40 பாகை அளவில் இருக்கும். காபனீரொட்சைட்டை நிறைத்துக்கொண்ட கரைசலை இரண்டாவது கோபுரத்துக்கு எடுத்துச்சென்று 120 பாகை அளவுக்கு நீராவியால் சூடாக்கினால், வாயு பிரிந்து மேலே போய்விடும். வெறுமையான கரைசல் குளிர்ந்து முதற் கோபுரத்துக்குத் திரும்பும். நீர்மூழ்கிக் கப்பல்களில் மாலுமிகள் வெளிவிடும் மூச்சை அகற்றுவதற்கும், குளிர்பானத்துக்கு வாயு எடுப்பதற்கும், அமோனியா ஆலைகளுக்கும் இதே ஏற்பாடு போனது. 1950களில் அமெரிக்காவின் பென்சன், பீல்ட் ஆகிய இருவர் சூடான பொற்றாசியம் காபனேற்றுக் கரைசலைக் கொண்டு இன்னொரு வழியைத் திறந்தார்கள். பசளைத் தொழிற்சாலைகள் அதையும் விரும்பி ஏற்றன.

ஆலைகள் ஓடின. ஆனால் கோபுரம் எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும் என்று கேட்டால், முன்பு கட்டியதைப் பார்த்துக் கட்டுவதே பதிலாக இருந்தது. வாயு திரவத்துக்குள் நுழையும் அந்த மெல்லிய எல்லையில் என்ன நடக்கிறது, எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்பதை எவரும் நம்பகமாக அளந்திருக்கவில்லை.

அதைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் பீட்டர் விக்டர் டாங்க்வேர்ட்ஸ். 1916 இல் இங்கிலாந்தில் பிறந்து, ஒக்ஸ்போர்ட்டில் இரசாயனம் படித்து, போர் தொடங்கியதும் கடற்படையில் சேர்ந்தார். 1940 இலையுதிர் காலத்தில் ஜேர்மன் விமானங்கள் லண்டன்மீது வான்குடையில் கட்டிப் போட்ட கடற்கண்ணிகளைச் செயலிழக்கச் செய்வது அவருடைய வேலை. அந்த வேலைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், இரண்டு நாட்களுக்குள் 16 கண்ணிகளை அவர் முடக்கினார். அதற்காக அவருக்கு ஜோர்ஜ் சிலுவை கிடைத்தது. போருக்குப் பின் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இரசாயனப் பொறியியல் கற்று, 1948 இல் கேம்பிரிட்ஜின் புதிய துறைக்கு வந்தார்.

1951 இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று அந்தத் துறையின் சிந்தனையை மாற்றியது. அதுவரை பலர் திரவத்தின் மேற்பரப்பில் அசையாத படலம் ஒன்று போர்த்தியிருப்பதாகவே எண்ணிக் கணக்குப் போட்டார்கள். டாங்க்வேர்ட்ஸ் அப்படி இல்லை என்றார். காற்று வீசும் நாளில் வாவியின் மேல்நீர் உள்ளே புரள, அடிநீர் மேலே வருவதைப்போல, திரவத்தின் மேற்பரப்பும் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு புதுத் துண்டும் வாயுவைச் சிறிது நேரம் உறிஞ்சிவிட்டு உள்ளே போகிறது. அந்தச் சிறிது நேரத்துக்குள் இரசாயனத் தாக்கம் நடந்து முடியுமா என்பதுதான் கேள்வி. முடியுமென்றால் கோபுரம் சிறிதாகும், இல்லையென்றால் பெரிதாகும். எனவே தாக்க வீதத்தை அளந்தேயாக வேண்டும்.

அளப்பதற்கு 1960களின் தொடக்கத்தில் அவரிடம் வந்து சேர்ந்த மாணவர்களில் ஒருவர் சர்மா. ராஜஸ்தானின் ஜோத்பூரில் 1937 இல் பிறந்தவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் தொழினுட்பத் துறையில், யு.டி.சி.டி. என்று எல்லோரும் அழைத்த நிறுவனத்தில், பட்டமும் முதுகலையும் முடித்திருந்தார். 1933 இல் தொடங்கிய அந்த நிறுவனம் சாயம், எண்ணெய், துணி, மருந்து என்று தொழிற்சாலைகளோடு நேரடியாகப் பிணைந்து வளர்ந்தது. சர்மா கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோன பழக்கமும் அதுதான்: கேள்வி தொழிற்சாலையிலிருந்து வரவேண்டும், பதில் அங்கே திரும்பிப் போக வேண்டும்.

அங்கே அந்தக் குழு செய்த பரிசோதனை பார்க்க எளிது, செய்யக் கடினம். திரவத்தை மெல்லிய தாரையாக வாயுவுக்குள் ஓடவிடுவார்கள். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதி. அதற்குள் எவ்வளவு வாயு உறிஞ்சப்பட்டது என்று அளந்தால் தாக்கத்தின் வேகத்தைக் கணிக்கலாம். சர்மா ஒன்றிரண்டு அமைன்களோடு நிற்கவில்லை. பல அமைன்களை வரிசையாக எடுத்து, காபனீரொட்சைட்டோடும் அதன் கந்தக உறவான காபனைல் சல்பைட்டோடும் அவை எவ்வளவு விரைவாகத் தாக்கம் புரிகின்றன என்பதை அளந்தார். அமைனின் காரவலிமைக்கும் தாக்க வேகத்துக்கும் இருக்கும் தொடர்பு அதில் தெரிய வந்தது. புதிய அமைன் ஒன்றைக் கையில் எடுக்கும் பொறியியலாளருக்கு அது எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு வழி கிடைத்தது.

ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து 1966 இல் பிரித்தானிய இரசாயனப் பொறியியலாளர் நிறுவனத்தின் சஞ்சிகையில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். காரங்களிலும் அமைன்களிலும் காபனீரொட்சைட்டு உறிஞ்சப்படுவதைப் பற்றி அன்றுவரை தெரிந்ததையெல்லாம் சலித்து, எந்த எண்ணை நம்பலாம், எதை விட்டுவிடலாம் என்று தீர்ப்புச் சொல்லும் கட்டுரை அது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் காபன் பிடிப்பு ஆய்வுகளில் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் அதை எழுதிய ஆண்டில் வளிமண்டலத்தில் பத்து இலட்சம் பங்கில் 320 பங்கு அளவே காபனீரொட்சைட்டு இருந்தது. இன்று அது 420 ஐத் தாண்டிவிட்டது. உலகைச் சூடாக்கும் வாயுவைப் பற்றி எழுதுகிறோம் என்ற எண்ணம் அந்தக் கட்டுரையில் இல்லை. சரியாக அளக்க வேண்டும் என்ற பிடிவாதம் இருக்கிறது. அதனால்தான் அது பழசாகவில்லை.

கலாநிதிப் பட்டம் முடித்த 1964 ஆம் ஆண்டிலேயே சர்மா பம்பாய்க்குத் திரும்பினார். அப்போது வயது 27. யு.டி.சி.டி. அவரைப் பேராசிரியராகவே நியமித்தது. அந்த வயதில் அந்தப் பதவி அன்றைய இந்தியாவில் கேள்விப்படாதது; ஒரு பல்கலைக்கழகம் எடுத்த மிகத் துணிவான முடிவுகளில் ஒன்று என்று அதைத் தயங்காமல் சொல்லலாம். கேம்பிரிட்ஜின் வசதி மாட்டுங்காவில் இல்லை. வெளிநாட்டு நாணயம் அருமையாக இருந்த காலம். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த பரிசோதனைகளுக்குக் கண்ணாடிக் குழாயும், கோபுரமும், எரிசோடாவும், துல்லியமாக அளக்கும் கையும் போதும்.

அங்கே அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். கேம்பிரிட்ஜில் மேற்பரப்பின் அளவு தெரியும், தாக்க வீதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது தாக்க வீதம் தெரிந்துவிட்டது. எனவே அதை அளவுகோலாக வைத்து, ஒரு கோபுரத்துக்குள் வாயுவும் திரவமும் உண்மையில் எவ்வளவு பரப்பில் தொட்டுக்கொள்கின்றன என்பதைக் கண்டுபிடிக்கலாம். வளையங்களின் மொத்தப் பரப்பைக் கணக்கிடுவது யாராலும் முடியும். ஆனால் அதில் எவ்வளவு நனைகிறது, நனைந்ததில் எவ்வளவு பயன்படுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. காற்றில் சிறிது காபனீரொட்சைட்டைக் கலந்து, எரிசோடாக் கரைசலுக்கு எதிரே அனுப்பி, வெளியே வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் அந்தப் பரப்பு கணக்கில் வந்து விழும். அடைப்பு நிறைந்த கோபுரங்கள், குமிழிக் கோபுரங்கள், கிளறும் தொட்டிகள் என்று ஒவ்வொன்றையும் சர்மாவின் மாணவர்கள் இப்படி அளந்தார்கள். அந்த முறையைத் தொகுத்து டாங்க்வேர்ட்ஸோடு சேர்ந்து அவர் 1970 இல் எழுதினார். டாங்க்வேர்ட்ஸின் வாயு–திரவத் தாக்கங்கள் பற்றிய புகழ்பெற்ற நூலும் அதே ஆண்டில் வந்தது. இன்று மின் நிலையத்துக்குப் புதிய அடைப்புத் தகடு ஒன்றை விற்க வரும் நிறுவனம்கூட, அதன் பயன்படு பரப்பை நிரூபிக்க எரிசோடாவையும் காபனீரொட்சைட்டையும் கொண்டுதான் சோதிக்கிறது.

அதற்கும் மேலாக, அவர் மாணவர்களை உருவாக்கினார். கோவாவில் பிறந்து, தந்தையை இழந்து, தெருவிளக்கின் வெளிச்சத்தில் படித்த ரகுநாத் மஷேல்கர் 1969 இல் சர்மாவிடம் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்தின் தலைமைக்கு வந்தார். மஞ்சளுக்கு அமெரிக்கா கொடுத்த காப்புரிமையை 1997 இல் நீக்கவைத்த முயற்சியோடு அவர் பெயர் சேர்ந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, புனேயின் தேசிய இரசாயன ஆய்வுகூடத்தை வழிநடத்திய எல். கே. துரைசாமியோடு சேர்ந்து சர்மா 1984 இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய பாடநூல் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மேசைக்குப் போனது. 1990 இல் அவர் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். அந்த மதிப்பைப் பெற்ற முதல் இந்திய இரசாயனப் பொறியியலாளர் அவரே. 1996 இல் அதே சங்கம் லெவர்ஹியூம் பதக்கம் வழங்கியது. 2001 இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருதளித்தது. 1997 வரை யு.டி.சி.டி.யின் இயக்குநராக இருந்தார். இந்தப் பட்டியலை வாசிக்கும்போது ஒன்று தெளிவாகிறது: ஓர் ஆலையையும் அவர் சொந்தமாகக் கட்டவில்லை. கட்டுகிறவர்களுக்குக் கணக்குக் கற்றுக்கொடுத்தார்.

புகைபோக்கியிலிருந்து வரும் காபனைப் பிடித்துப் புதைக்கலாம் என்ற எண்ணம் தனியாகப் பிறந்தது. இத்தாலியரான சேசரே மார்கெட்டி 1977 இல் மின் நிலையங்களின் காபனீரொட்சைட்டைப் பிடித்து ஆழ்கடலுக்குள் செலுத்தலாம் என்று எழுதினார். அதே ஆண்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஓஸ்டின் வளாகத்தில் கேரி ரொஷெல் என்ற இளைஞர் ஆசிரியரானார். முதலில் அவர் வேலை செய்தது சுண்ணாம்போடு: நிலக்கரிப் புகையிலிருந்து கந்தகவீரொட்சைட்டைச் சுண்ணக்கல் குழம்பால் கழுவுவது. அந்தக் கழுவலைச் சாத்தியமற்றது, செலவு கூடியது என்று மின் நிறுவனங்கள் எதிர்த்தன. சட்டம் வந்ததும் அது உலகெங்கும் வழக்கமானது. காபனுக்கும் அப்படியே நடக்கும் என்பது அவர் நம்பிக்கை. அமைன் கழுவல் பற்றி 2009 இல் ‘சயன்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கைக்குக் கணக்குக் கொடுத்தது. ஒரு தொன் காபனீரொட்சைட்டைப் புகையிலிருந்து பிரித்து அழுத்திவைக்க இயற்கை விதிகளின்படி குறைந்தது 0.11 மெகாவாட் மணி சக்தி வேண்டும். நல்ல ஆலை அதன் இரு மடங்குக்கு அருகில் வரலாம். அவர் குழு ஆராய்ந்த பிப்பரசீன் என்ற அமைன், ஒரு காலத்தில் பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சிக்குக் கொடுத்த மருந்து. அது விரைவாகப் பிடிக்கிறது. 150 பாகை வரை சூடேற்றினாலும் எளிதில் சிதைவதில்லை.

சக்திக் கணக்கு விளங்கினாலும் பணக் கணக்கு வேறு. நோர்வே 1991 இல் கடலோர எண்ணெய்த் தொழிலின் காபனுக்கு வரி போட்டது. வரியைவிடப் புதைப்பது மலிவு என்று கண்டதும் 1996 இல் ஸ்லெய்ப்னர் வாயுத்தளத்தில் அமைனால் பிரித்த வாயுவை, ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் தொன், கடலடி மணற்கல்லுக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். கனடாவின் பௌண்டரி டாம் நிலக்கரி மின் நிலையம் 2014 இலும், டெக்சாஸின் பெட்ரா நோவா 2017 இலும் புகையிலிருந்து வாயுவைப் பிடிக்கத் தொடங்கின. ஆனால் அந்த வாயுவை எண்ணெய்க் கிணறுகளுக்குள் செலுத்தி மேலும் எண்ணெய் எடுத்தார்கள். எண்ணெய் விலை விழுந்த 2020 இல் பெட்ரா நோவா நின்றது. மூன்று ஆண்டுகள் கழித்தே மறுபடி ஓடியது. வரி நிலைத்த இடத்தில் பிடிப்பும் நிலைத்தது. எண்ணெயை நம்பிய இடத்தில் எண்ணெயோடு அது ஏறி இறங்கியது.

தமிழ் மண்ணில் இந்தத் தொழில் பேசப்பட்டது 2017 தொடக்கத்தில். தூத்துக்குடி காரப்பொருள், உரத் தொழிற்சாலை சோடாச் சாம்பல் செய்கிறது. அதற்குக் காபனீரொட்சைட்டு மூலப்பொருள். தன் சொந்த நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே அதை எடுக்க, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் ஆகிய இளைஞர்கள் 2009 இல் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் கரைசலைப் பயன்படுத்தியது. திட்ட அளவு ஆண்டுக்கு 60,000 தொன். அரசின் மானியம் இல்லாமல் இது சாத்தியமானது உலகச் செய்தியாயிற்று. ஆலையின் தலைவர் செய்தியாளரிடம் ஒளிக்காமல் சொன்னார்: பூமியைக் காப்பது தன் எண்ணத்தில் இருக்கவில்லை, தடையில்லாமல் வாயு கிடைக்க வேண்டும் என்பதே தேவை. பொட்டம்ஸின் காலத்து வணிகக் குரல்தான் அது, நேர்மையான குரலும்கூட. கலிபோர்னியாவின் ட்ரோனாவில் 1978 முதல் இதே வேலை, இதே சோடாச் சாம்பலுக்காக நடந்துவருவதையும் சேர்த்துப் பார்த்தால் தூத்துக்குடியின் இடம் சரியாகத் தெரியும். பிடிப்பு அங்கே புதிதல்ல. மலிவான பிடிப்பு புதிது.

சோடாச் சாம்பல் கண்ணாடி உலைக்குள் போனால் வாயு மீண்டும் காற்றுக்குத்தான் போகும். யூரியாவும் அப்படியே. வயல்நீரில் விழுந்து சில நாட்களில் மண்ணின் நுண்ணுயிர்கள் அதை உடைக்கும். நைதரசன் பயிருக்கு, காபனீரொட்சைட்டு காற்றுக்கு. இந்தக் காரணத்தைக் காட்டி யூரியாவைக் குற்றம் சொல்ல முடியாது. 2021 இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தபோது, மஞ்சளித்து நின்ற பயிரைப் பார்த்த படுவான்கரை விவசாயிகளுக்கு அந்த மூட்டையின் அருமை தெரியும். சில மாதங்களில், நவம்பரில், தடை விலக்கப்பட்டது. விளைச்சல் அதற்குள் விழுந்துவிட்டது. சொல்ல வேண்டியது இதுதான்: பிடிப்பது பாதி வேலை, பிடித்ததை எங்கே வைப்பது என்பது மறுபாதி. முதற் பாதியை இரசாயனப் பொறியியலாளர்கள் பெரும்பாலும் முடித்துவிட்டார்கள். இரண்டாவது பாதி புவிச்சரிதவியலாளரிடமும் அரசாங்கங்களிடமும் கிடக்கிறது.

இலங்கையில் இந்தக் கேள்வி நுரைச்சோலையில் நிற்கிறது. 2011 இல் தொடங்கி 2014 இல் முழுமை பெற்ற அந்த நிலக்கரி மின் நிலையம் 900 மெகாவாட். முந்நூறு மெகாவாட் கொண்ட மூன்று இயந்திரங்கள். அமைன் கழுவல் பழைய நிலையமொன்றின் மின்னில் 20 முதல் 30 வீதத்தைத் தின்னும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் இரண்டு இயந்திரமும் சொச்சமும்தான் நாட்டுக்கு மிஞ்சும். பிடித்த வாயுவைப் புதைக்கவும் நிலத்தில் இடமில்லை. தீவின் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய பளிங்குப் பாறை. ஸ்லெய்ப்னரின் மணற்கல்லைப்போல அது வாயுவை உள்வாங்காது. தேடுவதானால் 2011 இல் இயற்கை வாயு கண்ட மன்னார்க் கடற்படுகையைத்தான் தேட வேண்டும். கிழக்கிலும் ஒரு நிலக்கரி நிலையம் வரவிருந்தது. திருகோணமலையின் சம்பூரில், போரில் இடம்பெயர்ந்த மக்களின் நிலத்தில், இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு சேர்ந்து 500 மெகாவாட்டுக்குப் போட்ட திட்டத்தை 2016 இல் கைவிட்டார்கள். இப்போது அங்கே பேசப்படுவது சூரிய மின். ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தொன் மட்டுமே வெளியிடும் நாட்டுக்கு அது சரியான முடிவு; கட்டாத புகைபோக்கிக்குக் கோபுரம் தேவையில்லை.

ஆனால் சீமெந்து இருக்கிறது. எந்த மின்னைக் கொண்டு சுட்டாலும் சுண்ணக்கல் தன் 44 பங்கை விட்டே தீரும்; சூரியத் தகடு அதைத் தடுக்காது. சீமெந்து, உருக்கு, பசளை ஆகிய தொழில்களுக்குத்தான் அமைன் கோபுரம் நீண்ட காலம் வேண்டியிருக்கும். அந்தக் கோபுரத்துக்கும் தீராத சிக்கல்கள் உண்டு: கரைசல் புகையிலுள்ள ஒட்சிசனால் சிதைகிறது, சிதைவுப் பொருள்களில் சில நஞ்சு, உருக்கை அரிக்கிறது, சூடேற்றும் செலவு இன்னும் கூடுதல். இவற்றில் ஒன்றுகூடக் கட்டளையிட்டுத் தீர்க்கக்கூடியதல்ல. ஒவ்வொன்றையும் யாராவது ஆய்வுகூடத்தில் உட்கார்ந்து அளக்க வேண்டும்.

அளக்கிறவர்களில் இலங்கையரும் இருக்கிறார்கள். நோர்வேயின் தெலேமார்க்கில், போர்ஸ்குரூன் பல்கலைக்கழக வளாகத்தில், அமைன் கரைசல்களின் அடர்த்தியையும் பாகுத்தன்மையையும் கோபுரக் கணக்குகளையும் ஆராய்ந்து பட்டம் பெற்ற இலங்கை மாணவர்கள் பலர். களுவாஞ்சிக்குடியில் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் பிள்ளை இந்தத் துறைக்குப் போக விரும்பினால் மொறட்டுவைக்கோ பேராதனைக்கோ போகலாம். இரண்டு பல்கலைக்கழகங்களிலும் இரசாயன, செயன்முறைப் பொறியியல் துறை இருக்கிறது. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய வந்தாறுமூலையின் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடமும் இரசாயனவியல் துறையும் உண்டு. தாரை, கிளறும் கலம், எரிசோடா, காபனீரொட்சைட்டு உருளை: 1964 இல் மாட்டுங்காவுக்கு வேண்டியிருந்தவை இவ்வளவே. வந்தாறுமூலையில் இவற்றைக் கூட்டிவைப்பது பெரிய செலவல்ல. 27 வயது இளைஞர் ஒருவரை நம்பி ஓர் ஆய்வுகூடத்தையும் பத்து ஆண்டுகளையும் கொடுக்கும் மனம் பல்கலைக்கழகத்துக்கு வரவேண்டும், தொன்னுக்கு 0.11 மெகாவாட் மணி என்ற இயற்கையின் எல்லைக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே உள்ள தூரத்தில் செய்வதற்கு அவருக்கு வேலை நிறையக் கிடக்கிறது.